பழங்காரின் பாகம் அசல்தானா?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவன் நானே முதல்வன். என் தந்தையார் மோட்டார் மெக்கானிக். நான் பள்ளியில் படித்தபோது, அவர் பழுது பார்த்த பழைய அம்பாசிடர் காரை விலைக்கு வாங்க ஒருவர் வந்தார். பதிவுப் புத்தகத்தில் என்ஜின் எண்ணின் கடைசி இலக்கம் 8. பிளாக்கில் தெரிந்ததோ 3. "மெக்கானிக் பிளாக்கையே மாற்றிவிட்டான்" என்று எல்லார் முன்னிலும் சொல்லிவிட்டார். அப்பா பதில் பேசவில்லை. மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, பித்தளை பிரஷ்ஷால் பழைய பெயின்ட்டைத் தேய்த்தெடுத்தார். 3 மெல்ல 8 ஆயிற்று. அருகில் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். இப்பொருளில் எனக்கு ஆர்வம் பிறந்தது அன்றுதான்.

எண்ணைப் படிக்குமுன் அழுக்கை நீக்கவேண்டும் என்பதே முதற்பாடம். அடுத்தது தேதி. 1967-ஆம் ஆண்டு ஷெவர்லே கார்வெட் காரை எடுத்துக்கொள்வோம். அதன் என்ஜின் பிளாக்கில் வார்த்த நாளே எழுத்தாக இருக்கும். ஜனவரிக்கு A, பிப்ரவரிக்கு B, மார்ச்சுக்கு C. 'C 14 7' என்றால் மார்ச் 14, ஆண்டின் கடைசி இலக்கம் 7. அது 1957-ஆகவும் இருக்கலாம். ஆகவே வார்ப்பு எண்ணையும் சேர்த்தே பார்ப்பார்கள். என்ஜினைப் பூட்டிய மாதமும் நாளும் பிளாக்கின் முன்புறத்தில் தனியே குத்தப்பட்டிருக்கும். வார்த்த பின்னரே பூட்டமுடியும். பூட்டிய பின்னரே காரில் ஏற்றமுடியும். இந்த வரிசை புரண்டால் பாகம் பிற்பாடு வந்தது என்று பொருள்.

ஏமாற்றுவோரும் இதை அறிவார்கள். பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிய எண்ணைக் குத்துவார்கள். ஆனால் தொழிற்சாலையில் அப்பரப்பைச் சீவிய கருவி இணைகோடுகளை விட்டிருக்கும்; தேய்த்தால் அவை அழியும். கோடுகள் இல்லாத பளபளப்பில் எண் மட்டும் இருந்தால் ஐயப்படவேண்டியதே.

தேய்த்த எண்ணை மீட்கமுடியுமா? இங்கேதான் நம் வேதியியல் வருகிறது. அச்சைச் சுத்தியால் அடிக்கும்போது குழி விழுவதோடு, குழிக்கு அடியிலுள்ள எஃகின் படிகங்களும் நசுங்கிவிடுகின்றன. மேற்பரப்பைத் தேய்த்தாலும் நசுங்கிய அடுக்கு அடியில் தங்கியிருக்கும். பரப்பை நன்கு மெருகிட்டு, குப்ரிக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ஃபிரை கரைசலைப் பஞ்சால் தடவுவார்கள். நசுங்கிய இரும்பு சுற்றியுள்ள இரும்பைவிட விரைவாகக் கரைவதால், மறைந்த இலக்கம் நிழல்போல் எழும். தடயவியல் கூடங்களில் இன்றும் கையாளப்படும் முறை இது. எஃகு சேசிஸில் நன்கு பலிக்கும், வார்ப்பிரும்பில் கடினம். ஆழமாகத் தேய்த்துவிட்டாலும், வெல்டிங் சூட்டில் படிகங்கள் மீண்டும் ஒழுங்காகிவிட்டாலும் கரைசலால் பயனில்லை. (நம் ஆய்வுக்கூடத்தில் தேய்ந்த ஆணித்தலையில் நானே முயன்றேன், விரல்தான் கறைபட்டது.)

இத்தனையும் செய்தபின் வேறொரு கேள்வி எழுகிறது. 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பென்ட்லி கார் 1929, 1930 ஆகிய ஈராண்டும் லெ மான் பந்தயத்தில் வென்றது. 1932-இல் புரூக்லாண்ட்ஸில் விபத்துக்குள்ளானது. ஓட்டிய கிளைவ் டன்ஃபி இறந்தார். பிறகு அது புதுப்பிக்கப்பட்டது. 1990-இல் அதை வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இது பழைய கார் அன்று என்று பின்வாங்க, வழக்கு லண்டன் உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1930-ஆம் ஆண்டுக் காரில் மிஞ்சியவை சேசிஸின் சில பகுதிகள், கியர்பாக்ஸ் உறை, ஸ்டியரிங் தண்டு போன்ற சிலவே. என்றாலும் அதன் வரலாறு எங்கும் அறுபடவில்லை என்பதால், அது அந்தக் காரே என்று நீதிபதி ஆட்டன் தீர்ப்பளித்தார். எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு இத்தீர்ப்பு பிடிக்காது, எனக்குப் பிடித்திருக்கிறது.

இதை அப்பாவிடம் சொன்னேன். "மாத்தின பாகத்தையெல்லாம் எழுதி வச்சிருந்தாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது பட்டறையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று தொங்குகிறது. ஞாயிறுதோறும் அவர் சொல்லச்சொல்ல நான் எழுதுகிறேன்.