இரத்தக் குழாய்களில் ஒரு குறுக்கு வழி



இதயத்திலிருந்து இரத்தம் தமனி வழியாகச் சென்று, சிரை வழியாகத் திரும்புகிறது. தமனியில் சராசரி அழுத்தம் 90 முதல் 100 மி.மீ. பாதரசம், கை கால் சிரைகளில் சுமார் 10 மட்டுமே. இடையிலுள்ள நுண்ணிய தந்துகிகளைக் கடக்கும்போது அழுத்தம் தணிகிறது. பாய்லர் நீராவியைச் சாதாரணத் தண்ணீர்க் குழாயில் திறந்துவிட்டால் குழாய் என்னாகும்? தமனியும் சிரையும் நேராக இணைந்துவிட்டால் அதே கதைதான். சிரை புடைக்கும், இதயத்துக்கு வேலை கூடும்.

காரணம்: பிறவியிலேயே அமையலாம், காயத்தாலும் வரலாம். முழங்கைச் சிரையைக் கீறி இரத்தம் எடுக்கையில் கத்தி அடியிலுள்ள தமனியிலும் பட்டு இவ்விணைப்பு உண்டாவதை, லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் 1757-இல் விவரித்தார்.

கண்டறிதல்: கைவைத்தால் அதிர்வு தெரியும், ஸ்டெதாஸ்கோப்பில் இடைவிடாத இரைச்சல் கேட்கும். பெரிய இணைப்பை அழுத்தி மூடினால் நாடித்துடிப்பு குறையும். பிறகு டாப்ளர், சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள், தேவையானால் ஆஞ்சியோகிராம். மூளைக்குள் இருந்தால் வலிப்பு, தலைவலி, திடீர் இரத்தக்கசிவு இவையே அடையாளம். இளவயதினருக்கும் வரும். முதல் வலிப்பை மந்திரித்துக் கயிறு கட்டி விட்டுவிடாதீர்கள், ஸ்கேன் எடுங்கள்.

சிகிச்சை: அறுவை செய்து அகற்றலாம், மெல்லிய குழாய் செலுத்திப் பசையாலோ கம்பிச்சுருளாலோ அடைக்கலாம், மூளையிலுள்ள சிறியவற்றைக் குவிந்த கதிர்வீச்சால் மூடலாம், அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். ஆபத்தில்லாதவற்றைக் கண்காணித்தாலே போதும்.

வேண்டுமென்றே செய்யும் இணைப்பும் உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் இணைக்கும் முறையை நியூயார்க்கில் பிரெசியா, சிமினோ குழுவினர் 1966-இல் வெளியிட்டனர். சில வாரங்களில் சிரை தடித்து, டயாலிசிஸ் ஊசியைத் தாங்கும். அந்தக் கைதான் நோயாளியின் உயிர்நாடி. அதில் இரத்த அழுத்தம் பார்க்கவோ, ஊசி போடவோ விடாதீர்கள். பாரம் தூக்காதீர்கள், இறுக்கமான வளையல் வேண்டாம். தினமும் காலையில் அதிர்வைத் தொட்டுப் பாருங்கள். நின்றிருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குண்டலுபேட்டையிலிருந்து மைசூருக்குச் சுமார் 60 கி.மீ.; மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம்.

நர்ஸம்மாவுக்குத் தமிழ் தெரியாவிட்டால் கன்னடத்தில் மூன்றே சொற்கள் போதும்: "ஈ கை பேட." வீட்டிலுள்ள எல்லோரும் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.