கோடையை அளந்தறிதல்

வெயில் கொடிது என்று கூறாதார் இலர். எத்துணைக் கொடிது என்று அளந்து கூறுவார் மிகச் சிலர். சித்திரை பிறந்தது முதல் திண்ணையிலும் கடைவீதியிலும், “இந்த வருஷம் போல வெயில் எந்த வருஷமும் இல்லை” என்னும் சொல் ஆண்டுதோறும் தவறாது எழுகின்றது. நினைவு நல்ல துணையே. ஆயினும் நல்ல அளவுகோலன்று. கோவில்பட்டியை அடுத்த கரிசற் சிற்றூர் ஒன்றில், எங்கள் வீட்டு முற்றத்தில், விடுமுறைக் காலங்களில் மூன்று கோடைகளாக யான் வெப்பத்தையும் மழையையும் அளந்து குறித்து வருகின்றேன். அதனாற் கற்றவற்றுட் சிலவற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

பஞ்சாங்கமும் வெப்பமானியும்

நம் முன்னோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்றும், ஆனியும் ஆடியும் முதுவேனில் என்றும் வகுத்தனர். இலக்கியம் பயிலும் மாணவன் இளவேனில் என்றவுடன் மாந்தளிரையும் குயிலையும் தென்றலையும் நினைக்கின்றான். அவன் முற்றத்து வெப்பமானியோ அவ்விளவேனிலிலேயே உச்சியை எட்டுகின்றது. இம்முரண்பாடு என்னை நெடுநாள் மயக்கிற்று.

இதற்கு ஒரு பங்கு விடை வானநூலிற் கிடைக்கின்றது. நம் மாதங்கள் விண்மீன்களினிடையே சூரியன் நிற்கும் இடத்தைக் கொண்டு கணிக்கப்படுவன. பருவங்களோ பூமியின் அச்சுச் சாய்வினால் நிகழ்வன. இவ்விருவகை ஆண்டுகட்கும் இடையே ஏறத்தாழ 20 நிமிட வேறுபாடு உண்டு. ஆகவே சுமார் 72 ஆண்டுகட்கு ஒருநாள் வீதம் நம் மாதங்கள் பருவத்தினின்று பிந்தி வருகின்றன. இக்கணக்கின்படி, ஏறத்தாழ 1,700 ஆண்டுகட்கு முன் சித்திரைப் பிறப்பானது, பகலும் இரவும் ஒத்து நிற்கும் மார்ச்சு 21-ஐ ஒட்டி அமையும். இன்றோ அது ஏப்ரல் 14-இல் நிகழ்கின்றது. மாதப் பெயர் மாறவில்லை. அம்மாதம் நிற்கும் இடமே மாறிற்று. எனவே, புலவர் பொய்யுரைத்தார் என்று வெப்பமானியைக் காட்டி நகைத்தல் பொருந்தாது.

அக்கினி நட்சத்திரம் எனப்படும் கத்திரியும் இவ்வாறே கணிக்கப்படுவது. சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்திற் புகுவது முதல் உரோகிணியின் முதற்பாதத்தைக் கடப்பது வரை, அதாவது மே 4 அளவில் தொடங்கி 28 அளவில் முடியும் காலம் அது. அவ்விண்மீன்கள் வெப்பத்தை விளைப்பன அல்ல. நண்பகற் சூரியன் கோவில்பட்டிக்கு நேர் தலைக்குமேல் வருவது ஏப்ரல் நடுவில். சென்னைக்கு அம்மாதக் கடைசி வாரத்தில். அடுப்பிலிட்ட மண்சட்டி சிறிது பொழுது சென்றே காய்வதுபோல, நிலமும் தான் ஈட்டிய வெப்பத்தைப் பின்னரே முழுதும் காட்டுகின்றது. முகிலும் காற்றும் அதனைக் கூட்டியும் குறைத்தும் விடுகின்றன. சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 பாகை செல்சியசு வெப்பம் பதிவானது 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள். அது கத்திரி கழிந்த பின்னர் என்பது கருதத்தக்கது.

நிழலின் வெப்பம்

முதலாண்டில் யான் ஒரு வெப்பமானியை வாங்கி, வீட்டின் மேற்குச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். ஒருநாள் பிற்பகல் அது 46 பாகை காட்டிற்று. அச்செய்தியை ஊரெங்கும் உரைத்ததன்றி, தோழர்க்கும் எழுதினேன். கல்லூரி திறந்தபின் பௌதிக ஆசிரியர் ஒருவரிடம் பெருமையுடன் கூறியபோது, அவர் நகைத்து, “தம்பி, நீ அளந்தது காற்றின் வெப்பத்தை அல்ல, உன் வீட்டுச் சுவரின் வெப்பத்தை” என்றார். அன்று யான் அடைந்த நாணம் இன்றும் மறக்கவில்லை.

காற்றின் வெப்பத்தை அளக்கவேண்டின், வெப்பமானியின் மேல் வெயில் படலாகாது. காற்று தடையின்றி உலவுதல் வேண்டும். சுவரினின்றும் தரையினின்றும் எழும் அனல் அதனைத் தாக்கலாகாது. இதன் பொருட்டே வெண்ணிறம் பூசிய, சாய்ந்த சட்டங்களாலாகிய இரட்டைச் சுவர்ப் பெட்டி ஒன்றனை நிலையங்களில் நிறுவுகின்றனர். இதனை அமைத்தவர் தாமசு ஸ்டீவன்சன் என்னும் கலங்கரை விளக்கப் பொறியாளர். புதையல் தீவு என்னும் கதையை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தையார். யானும் பழம்பலகைகளைக் கொண்டு ஒரு பெட்டி செய்து, நாலடி உயரத்தில், முற்றத்தின் நடுவே நாட்டினேன். அடுத்த கோடையில் அத்தகையதொரு பிற்பகலில், சுவரருகே வைத்த மானி 45 காட்ட, பெட்டியுள் இருந்தது 39 காட்டிற்று. முதலாண்டுக் குறிப்பின்மேல் ‘பிழை’ என எழுதி, அதனைக் கிழியாது வைத்துள்ளேன்.

ஒரு விரல் மழை

மழையை அளத்தல் இதனினும் எளிது. பெய்த நீர் ஓடாமலும் ஊறாமலும் ஆவியாகாமலும் தரையில் நிற்குமாயின் எவ்வளவு ஆழம் நிற்கும் என்பதே மழையளவு. புனலின் வாய்ப்பரப்பு 100 சதுர செண்டிமீட்டராயின், அதன் கீழுள்ள புட்டியிற் சேரும் ஒவ்வொரு 10 மில்லிலிட்டர் நீரும் ஒரு மில்லிமீட்டர் மழையைக் காட்டும். மரமும் கூரையும் மறையாத வெளியில் அதனை வைத்தல் வேண்டும். இந்திய வானிலை நிலையங்களில் நாடோறும் காலை 8.30 மணிக்கு, முந்திய 24 மணி நேரத்து மழையை அளக்கின்றனர். யானும் அந்நேரத்தையே கைக்கொண்டேன்; வேறு நேரத்தில் அளப்பின் பிறர் கணக்கோடு ஒப்பிட இயலாதன்றோ?

கோடை மழை ஐப்பசி மழை போன்றதன்று. பகலெல்லாம் காய்ந்த நிலத்தின் வெம்மையால் ஈரக்காற்று மேலெழுந்து, இடிமுகிலாகத் திரண்டு, சிறு பரப்பிற் கொட்டிச் செல்வது அது. ஓரூரின் கீழைத்தெரு நனைய மேலைத்தெரு காய்ந்திருப்பதும் உண்டு. இவ்வுண்மையின் பயனைச் சென்ற கோடையில் கண்கூடாகக் கண்டேன்.

ஒருநாள் மாலை எங்கும் இடி முழங்கிற்று. மறுநாட் காலை, நகரத்தில் நல்ல மழை என்னும் செய்தி பரவிற்று. கோடையுழவு உழுதால் களை வேர்கள் காயும். மண்ணுட் கிடக்கும் புழுக்கூடுகள் வெயிலில் அழியும். பின்வரும் மழை உள்ளிறங்கும். ஆதலின் என் மாமா அன்றே டிராக்டருக்கு வாடகை பேச எழுந்தார். யான் புட்டியை எடுத்து அளந்தேன்; 6 மில்லிமீட்டரே இருந்தது. பாட்டனார் அவ்வெண்ணைக் கேட்டு ஒன்றும் கூறாது, நடந்து சென்று எங்கள் புன்செயிற் கைவிட்டுப் பார்த்தார். இரண்டு விரற்கிடையே ஈரம். அதன்கீழ்ப் பழைய கட்டி. “டவுனில பெய்ஞ்ச மழை நம்ம காட்டுக்கு நடந்தா வரும்? இருங்க, பார்ப்போம்” என்றார். மாமா மனமின்றி அமர்ந்தார். அன்று உழுதவர் சிலரது கொழு கட்டியைக் கீறியதே தவிர மண்ணைப் புரட்டவில்லை. வாடகை மட்டும் சென்றது. பத்து நாள் கழித்து 31 மில்லிமீட்டர் பெய்தது. அப்பொழுது உழுதோம். அன்று முதல் பாட்டனார் காலையில் காப்பி அருந்துமுன், “எலே, புட்டியில எவ்வளவு?” என்று வினவுதல் வழக்கமாயிற்று.

சுழியும் வெற்றிடமும்

இக்கலையில் கருவி எளிது, அரியது ஒழுங்கே. மழை பெய்த நாளில் மட்டும் ஆவலுடன் எழுதி, பெய்யாத நாளில் ஏட்டைத் திறவாதிருத்தல் தொடங்குவார்க்கு இயல்பு. பெய்யாத நாளுக்கும் ‘0’ என்று எழுதுதல் வேண்டும். ‘0’ என்பது, பார்த்தேன், இல்லை என்பது. வெற்றிடம் என்பது, யான் பார்க்கவில்லை என்பது. இரண்டும் ஒன்றல்ல.

இவ்வாண்டு ஒரு திருமணத்தின் பொருட்டு மூன்று நாள் வெளியூர் செல்ல நேர்ந்தது. திரும்பியபோது புட்டியில் 22 மில்லிமீட்டர் நீர் இருந்தது. எந்நாளிற் பெய்தது? ஒருவர் முதல்நாள் என்றார். மற்றொருவர் இரண்டாம் நாள் என்றார். வெப்பக் கட்டங்கள் மூன்றும் வெறுமையாக என்னை நோக்கின. முன்னாளில் 38, பின்னாளில் 38. இடையிலும் அவ்வாறே இருந்திருக்கும் என எழுதிவிட்டால் யார் அறிவார்? எழுதுகோலைக் கையிலெடுத்ததும் உண்டு. ஆனால் அம்மூன்று எண்களும் பொய்யாயின், ஏனைய எண்களை யான் எங்ஙனம் நம்புவது? மழையை ‘மூன்று நாட் கூட்டு’ எனக் குறித்து, வெப்பக் கட்டங்களை வெறுமையாகவே விட்டேன். அவ்வேட்டில் யான் மிகவும் மதிக்கும் பக்கம் அதுவே.

தனியொருவர் குறிப்பால் ஆவதென்ன என வினவுவார்க்கு ஒன்று கூறுவேன். இங்கிலாந்தில் ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் என்பார் 1860-ஆம் ஆண்டு மழைக் கணக்கை 168 இடங்களினின்று திரட்டி வெளியிட்டார். 1900-இல் அவர் இறக்கும்போது அவ்விடங்கள் 3,000-க்கு மேற்பட்டிருந்தன. அவ்வாறு அளந்து உதவியோர் பலரும் ஊதியம் பெறாத பொதுமக்களே. குருமாரும் மருத்துவரும் நிலக்கிழாரும் தத்தம் தோட்டத்தில் அளந்த எண்கள் ஒருநாட்டின் மழைப்படத்தை வரைந்தன.

நம் கல்லூரியில் பல ஊர் மாணவரும் பயில்கின்றோம். வரும் விடுமுறையில் பதின்மர் தத்தம் முற்றத்தில் ஒரு புனலும் புட்டியும் வைத்து, காலை 8.30 மணிக்கு மெய்யான ஓர் எண்ணை எழுதிவருவாராயின், கோடை மழை எவ்வெவ்வூரை நனைத்தது, எவ்வெவ்வூரை விடுத்தது என்பதை நாமே வரைந்து காணலாம். ஒரு புனலுக்கும் ஒரு புட்டிக்கும் ஆகும் செலவு சிறிது. பொய் எழுதாத கையே வேண்டுவது.