உறைமேல் எழுதிய எண்

வேடசந்தூர்

சிரஞ்சீவி பேத்திக்குத் தாத்தா அநேக ஆசீர்வாதம்.

விடுதியிலிருந்து நீ எழுதிய கடிதம் நேற்றுக் கிடைத்தது. க்ஷேம சமாசாரங்களைப் படித்து மகிழ்ந்த பிறகும், உறையில் நம் ஊர்ப் பெயருக்குக் கீழே நீ குண்டு குண்டாக எழுதியிருந்த 624710 என்னும் பின்கோடு கண்ணை விட்டு அகலாமல் நின்றதால், குடகனாற்றுப் பக்கம் உலாவப் போவதையும் மறந்து, உறையின் பின்புறத்திலேயே பென்சிலால் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டேன்.

விதி எளியது: ஓர் எண்ணின் ஒவ்வோர் இலக்கத்தையும் வர்க்கப்படுத்திக் கூட்டு, வந்த விடைக்கும் அவ்வாறே செய்துகொண்டு போ. 36, 4, 16, 49, 1, 0 ஆகியவற்றைக் கூட்ட 106, அதிலிருந்து 37, பிறகு 58, 89, 145, 42, 20, 4, 16, அப்புறம் மறுபடியும் 37! 7-இல் தொடங்கினாலோ 49, 97, 130, 10 என்று நடந்து 1-இல் அடங்கிவிடும். எந்த இயல் எண்ணுக்கும் இவ்விரண்டைத் தவிர வேறு கதி இல்லை.

காரணத்தை யோசித்துப் பார். மூன்றிலக்க எண்களில் பெரியதாகிய 999-க்கே 243-தான் வருகிறது. அதனினும் பெரியவை படிப்படியாகச் சுருங்கி அவ்வெல்லைக்குள் பிரவேசித்தே தீரும். உள்ளே இருப்பவை 243 எண்களே, நடையோ முடிவற்றது என்னும்போது, முன்பு மிதித்த எண்ணை மறுபடி மிதிக்காதிருப்பது அசாத்தியம். ஓர் எண்ணுக்கு அடுத்தது ஒன்றே ஆகையால், மிதித்த கணத்தில் பழைய பாதையே திரும்பவும் தொடங்கும். சக்கரம் உண்டென்பதை யோசனையாலேயே அறியலாம். அது இந்த எட்டு எண்களே என்பதை மட்டும் 243 வரை பொறுமையாகப் போட்டுத்தான் தெளிய வேண்டும்.

இத்தகைய பொறுமையையே ஆயுள் முழுதும் ஆனந்தமாகக் கொண்டவர், நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர். நான்கு இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து அவற்றின் ஏறுவரிசையைக் கழித்து, விடைக்கும் அதையே செய்துவந்தால், நான்கும் ஒரே இலக்கமாக இல்லாதவரை, ஏழு படிகளுக்குள் 6174 வந்து நிலைத்துவிடும் என்பதை அவர் 1949-இல் நம் சென்னையில் கூடிய கணித மாநாட்டில் அறிவித்தார். முதுகலைப் பட்டம் இல்லாத ஆசிரியர் ஒருவர் காகிதத்தையும் பென்சிலையும் கொண்டே கண்டது இது என்று நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நிறைகிறது.

இனி உன் உறையைப் பார். 624710-இல் 2-ஐயும் 0-ஐயும் எடுத்துவிட்டால் எஞ்சுபவை 6, 4, 7, 1. 7641-இலிருந்து 1467-ஐக் கழி. 6174! தற்செயல்தான், ஆயினும் இத்தனை வருஷமாக நம் வீட்டுக்கு வந்த தபாலிலெல்லாம் அது ஒளிந்திருந்திருக்கிறது.

ஒதுக்கிய இரண்டு இலக்கங்களையும் நான் விடவில்லை. 20-இலிருந்து 02 போக 18. 81-இலிருந்து 18 போக 63. அத்துடன் நிறுத்தியிருக்கிறேன். ஓரிலக்க விடை வந்தால் முன்னால் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்துக்கொண்டு, மேலே போட்டு, எங்கே போய் முடிகிறதென்று அடுத்த கடிதத்தில் எழுது.

இப்படிக்கு,
தாத்தா