குட்டியைக் கொடுக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

வேப்பேரிக் கல்லூரியில் பட்டம் பெற்ற கையோடு மயிலாப்பூரில் ஒரு சிறு சிகிச்சாலயம் திறந்து, தெருப் பூனைகளின் கருத்தடையையே பிரதான காரியமாக வைத்துக்கொள்ளப் போவதாக எழுதியிருந்தாய். மெத்த சந்தோஷம். இந்த ஊரில் நாய்க்கு அடித்த அதிர்ஷ்டம் பூனைக்கு அடிக்கவில்லை. கேப்டன் சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ், நாய்களைப் பிடித்துக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை என்ற யோசனையை 1964-லேயே செய்துகாட்டியும், மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள முப்பது ஆண்டுகள் பிடித்தன. பிறகு 2001-ல் மத்திய அரசு விதிகள் வகுத்தபோது அவற்றின் தலைப்பிலேயே நாய்கள் என்றுதான் போட்டார்கள். கடிக்கிற பிராணிக்குச் சட்டம் உண்டு, பிராண்டுகிற பிராணிக்கு வேண்டாம் என்று நினைத்தார்கள் போலும்! ஆகவே பூனையின் பாரம் நொச்சிக்குப்பத்து மீன்காரப் பெண்கள் மேலும், மாட வீதிப் பூக்காரிகள் மேலும், தியாகராய நகர் அடுக்ககங்களில் அண்டை வீட்டாரின் ஏச்சைக் கேட்டுக்கொண்டே மாடிப்படிக்கு அடியில் தட்டு வைக்கும் மாமிகள் மேலுமே விழுந்திருக்கிறது. உன்னிடம் வரப்போகிறவர்கள் அவர்கள்தாம்.

உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஒன்றே: கருத்தடை ஆகாத குட்டியை, கேட்பவர் யாராயினும், எவ்வளவு சத்தியம் செய்தாலும், தத்துக் கொடுக்காதே. "ஆறு மாசம் ஆகட்டும், நாங்களே கொண்டுவந்து ஆபரேஷன் பண்ணிவிடுகிறோம்" என்று சொல்லுகிறவர்கள் பொய்யர்கள் அல்லர். அந்த ஆறு மாதத்துக்குள் பிள்ளைக்குப் பரீட்சை வரும், நாத்தனாருக்குக் கல்யாணம் வரும், பெங்களூருக்கு மாற்றல் வரும். பூனையோ இவற்றில் எதற்கும் காத்திருப்பதில்லை. நான்காம் மாதத்திலேயே பருவமெய்துகிற பெட்டைகள் உண்டு. சினைக்காலம் ஒன்பதே வாரம். குட்டிகள் மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடித்துவிடும். குளிர்தேசத்தில் எழுதிய பாடப்புத்தகங்கள் பூனையின் பருவகாலத்தை வசந்தத்தில் வைக்கின்றன. அது பகலின் நீளத்தைப் பொறுத்தது. மார்கழியிலும் பகல் பதினொரு மணி நேரத்துக்குக் குறையாத சென்னையில் ஏறக்குறைய ஆண்டு முழுவதுமே பூனைக்குப் பருவந்தான். இப்படிப் பிறப்பவைதாம் அட்டைப்பெட்டியில் அடைபட்டுக் கோயில் வாசலுக்கோ மீன் அங்காடிக்கோ வந்து சேருகின்றன.

இரண்டு மாதம் கடந்து, ஒரு கிலோ எடை ஏறிய ஆரோக்கியமான குட்டிக்குச் சஸ்திர சிகிச்சை தாராளமாகச் செய்யலாம். கர்ப்பப்பை நூல் போலிருக்கும், கொழுப்பு மறைக்காது, உதிரம் சொற்பமே போகும், மாலைக்குள் எழுந்து மேஜைக்கடியில் பந்தாடும். ஆனால் அவ்வளவு சிறிய உடம்பில் சூடும் சர்க்கரையும் விரைவில் குறைந்துவிடும் என்பதை ஒரு கணமும் மறவாதே. பெரிய பூனையைப் போல இராமுழுதும் பட்டினி போடாமல் மூன்று நான்கு மணி நேரத்தோடு நிறுத்து, ஏ.சி.யை அணை, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வை, கண் விழித்ததும் ஈறில் துளி குளுக்கோஸ் தடவு. கெட்டாமின் கொடுத்த பூனை கண்ணை மூடுவதில்லையாதலால், விழி வறண்டுபோகாமல் களிம்பிடுவதும் உன் வேலைதான். "ஒரு ஈற்றாவது போட்டுவிடட்டுமே, பாவம்" என்று கெஞ்சுகிறவரிடம் வாதாடாதே. பருவம் வருமுன் செய்தால் மார்புப் புற்று வெகுவாகக் குறைகிறது என்று மட்டும் சொல்லிவைத்தால் போதும்.

குட்டிகளுக்கு வீடு கிடைத்த மகிழ்ச்சியில் தாயை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். குட்டியின் பிடரியைக் கவ்வித் தாயே சுமந்து செல்லும் அந்தச் சுபாவத்தை நன்றாகக் கவனித்ததனால்தான் தென்கலை வைணவ ஆசாரியர்கள், இறைவனே உயிரைத் தாங்கிச் செல்வான் என்று மார்ஜார நியாயம் பேசினார்கள். ஆனால் பிடிக்கப் போகிற உனக்கு அதுவே பெரிய இடைஞ்சல். நேற்று பரணில் பார்த்த குடும்பம் இன்று எதிர்வீட்டுக் கார் ஷெட்டில் இருக்கும், பரணே இல்லாத இப்போதைய அடுக்ககங்களிலோ லிஃப்ட் மோட்டார் அறையில் இருக்கும். ஆகவே பார்த்த அன்றே நெத்திலிக் கருவாட்டை வாட்டிக் கூண்டில் வை. அகப்பட்டதும் கூண்டின்மேல் துணியைப் போர்த்தினால் அடங்கிவிடும். பால் கொடுக்கும் தாயானால் வயிற்றைக் கீறாமல் விலாப்பக்கமாகத் திற; மடிக்குத் தொந்தரவில்லை, தெருவில் விட்டபின் தூரத்திலிருந்தே தையலைப் பார்த்துக்கொள்ளலாம். இடது காது நுனியை நேராகத் துளி கத்தரித்துவிடு. இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வேறொருவர் அதையே பிடித்துவந்து மறுபடியும் மேஜையில் கிடத்துவார்.

வீட்டுக்காரர்களிடம், காய்ச்சல் என்று எண்ணிப் பாராசிட்டமால் கொடுத்தால் பூனை செத்தே போகும் என்பதையும், பால்கனிக்கு வலை அடித்த பிறகே குட்டியை அழைத்துப் போக வேண்டும் என்பதையும் தவறாமல் சொல்.

கூலி விஷயத்தில் ஒரு வார்த்தை. பூக்காரியிடம் காசு கேட்காதே. கொடுத்தால், அவள் மனம் நோகாதபடி கொஞ்சம் வாங்கிக்கொள். அடுக்ககச் சங்கத்தாரிடம் மட்டும் பூனை ஒன்றுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் பேசி முழுத் தொகையும் வாங்கிவிடு. ரசீதும் கொடு, பொதுக்குழுவில் கணக்குக் கேட்கும்போது செயலாளருக்கு அது வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு கால்நடை வைத்தியன்