நோய்க்குப் பின் உடல் தேறுதல்: எடையும் தசையும்

காசநோய், குடற்காய்ச்சல் முதலியவற்றால் நெடுநாள் வாடியவரின் உடலில் கொழுப்பு மட்டும் கரைவதில்லை. காய்ச்சலின்போது உடல் தன் தசையிலுள்ள புரதத்தையே சிதைத்துச் செலவிடுகிறது. படுக்கையிற் கிடத்தல் இவ்விழப்பை மிகுவிக்கிறது. நோயற்ற முதியோரும் பத்து நாட்கள் படுத்தே இருப்பின், கால்களில் ஏறக்குறைய 1 கிலோ தசையை இழப்பது ஆராய்ச்சியிற் கண்ட உண்மை.

மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் மூட்டை சுமக்கும் தொழிலாளி ஒருவர் காசநோய்க்கு மருந்து உண்பதாகக் கொள்வோம். இரண்டு மாதங்களில் இருமல் தணியும், பசி திரும்பும், எடையும் ஏறும். ஆயினும் மூட்டையைத் தோளேற்றினால் கால்கள் நடுங்கும். திரும்பிய எடையிற் பெரும்பகுதி கொழுப்பாக இருத்தலே இதன் காரணம். இதனை அறியாத வீட்டார் மருந்தின் மீது ஐயங்கொண்டு அதனை நிறுத்திவிடக்கூடும். அதனினும் பெரிய கேடு இல்லை.

மருந்தின் வேலை வேறு, உணவின் வேலை வேறு. சென்னையில் 1956இல் தொடங்கப்பெற்ற காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தின் ஆய்வு 1959இல் வெளிவந்தது. சானடோரியத்தில் நல்லுணவு பெற்றோர் வீட்டில் இருந்தோரைவிட மிகுதியாக எடை கூடினர். ஆனால் நோய் நீங்கியது இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒரே அளவே. இதனால் உணவு வேண்டுவதில்லை எனக் கருதுவது பிழை. ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளுக்கு உணவுப்பொருள் வழங்கி நடத்திய ஆய்வு 2023இல் வெளியாயிற்று. முதல் இரண்டு மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடையே இறப்பு 61 விழுக்காடு குறைந்து காணப்பட்டது.

கஞ்சியும் கப்பைக்கிழங்கும் வயிற்றை நிரப்பும், புரதம் சொற்பமே. 40 கிலோ எடையுள்ள மெலிந்த நோயாளிக்கு நாளொன்றுக்கு 48 முதல் 60 கிராம் புரதம் தேவை. 100 கிராம் மத்தி மீனில் ஏறத்தாழ 20 கிராமும், 50 கிராம் பாசிப்பயற்றில் (இவ்வூர் வழக்கில் செறுபயர்) 12 கிராமும், ஒரு முட்டையில் 6 கிராமும் உண்டு. கேரளக் கடலில் மத்தி 2021இல் மிக அருகிப்போயிற்று. அத்தகைய காலத்திற் பயறும் முட்டையுமே துணை. நிக்ஷய் போஷண் திட்டத்தின்கீழ் 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. அத்தொகையை விலையுயர்ந்த 'சத்துப் பொடி' டப்பாக்களில் செலவழிப்பது வீண். சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தை மிகுத்தல் வேண்டும். எலும்பும் தோலுமாய் இளைத்தவருக்கு ஒரேயடியாக மிகுந்த உணவு ஊட்டுதல் உயிருக்கே ஆபத்து. அவருக்கு மருத்துவமனையிற் சிறிது சிறிதாகவே உணவைக் கூட்டுதல் தகும்.

உண்ட புரதம் தசையாவதற்கு உழைப்பும் வேண்டும். காய்ச்சல் தணிந்தபின், மருத்துவரின் இசைவுடன், நாற்காலியில் அமர்ந்து எழுதல் நல்ல தொடக்கமாகும். முதலில் ஐந்து முறை, காலையும் மாலையும். பின்னர் வாரந்தோறும் சிறிது மிகுதியாக. அடுத்துப் படியேறுதல்; அதன்பின் அரைக்குடம் தண்ணீர் சுமத்தல். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால் உடனே நிறுத்துக. நோயுற்றுத் திரும்பிய மாணவரை முதல் நாளே ஓட்டப் பந்தயத்தில் நிறுத்தாதிருத்தல் ஆசிரியர் கடமை.

களப்பணியாளர் வாரம் ஒருமுறை அதே தராசில் எடை பார்ப்பதோடு, அரை நிமிடத்தில் நோயாளி எத்தனை முறை அமர்ந்தெழுகிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுதல் நலம். முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் விரலால் அழுத்துக. குழி விழுந்து மாறாதிருப்பின், கூடிய எடை நீர்வீக்கமாகலாம். மருந்தும் உணவும் முறையாக உட்கொண்டும் எடை ஏறாவிடில், இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க அனுப்புதல் வேண்டும். காசநோயும் நீரிழிவும் ஒருவரிடமே அமைதல் கேரளத்தில் அரிதன்று.