ஓடாத குழந்தையைக் கவனித்தோமா?

அந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் எனக்கு 34 பேர். ஜூன் முடிவதற்குள்ளேயே எல்லா ஆசிரியர்களுக்கும் பெயர் தெரிந்துவிட்ட மாணவன் ஒருவன் இருந்தான். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரமாட்டான். கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்வான். தண்ணீர் குடிக்க, பென்சில் சீவ, ஜன்னல் சாத்த என்று எழுந்தபடியே இருப்பான். பள்ளிக்கு வந்த ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் அவனைத்தான் முதலில் காட்டினோம். அவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குப் பரிந்துரைத்தார்கள். அக்டோபரில் அங்கிருந்து வகுப்பாசிரியர் நிரப்பித் தரவேண்டிய படிவம் ஒன்று வந்தது.

அந்தப் படிவத்தில் கவனம் தொடர்பாக ஒன்பது கேள்விகள், ஓட்டமும் அவசரமும் தொடர்பாக ஒன்பது. இரண்டாவது ஒன்பதில் அவனுக்கு மளமளவென்று குறித்துவிட்டேன். முதல் ஒன்பதைத் திரும்பப் படித்தபோது கை நின்றது. நேரில் பேசினாலும் காதில் விழாததுபோல் இருப்பது, தொடங்கியதைப் பாதியில் விடுவது, பொருள்களைத் தொலைப்பது, அன்றாட வேலைகளை மறப்பது. படிக்கப் படிக்க என் மனதில் வந்தது அவன் முகமல்ல, மூன்றாம் வரிசையில் ஜன்னலோரம் இருக்கும் ஒரு மாணவியின் முகம்.

அவளைப் பற்றி யாரும் புகார் சொன்னதில்லை. பேசமாட்டாள், சண்டை போடமாட்டாள். நோட்டில் தேதி முந்தைய நாளுடையதாக இருக்கும். இரண்டாம் கேள்விக்கான பதில் இரண்டாவது வரியோடு நின்றிருக்கும். ஒரே பருவத்தில் மூன்று ஜியோமெட்ரி பாக்ஸ் தொலைத்தாள். முதல் பருவ மதிப்பெண் அட்டையில் ‘கவனம் போதாது, முயன்றால் முடியும்’ என்று எழுதியது நான்தான். முயலவில்லை என்று நான் எப்படி முடிவு செய்தேன் என்பதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு, சுருக்கமாக ஏ.டி.எச்.டி., மூன்று விதமாகத் தெரியும். கவனக்குறைவு மட்டும் மேலோங்கியது, ஓட்டமும் அவசரமும் மேலோங்கியது, இரண்டும் கலந்தது. நம் கண்ணுக்கு உடனே படுவது ஓடுகிற குழந்தைதான். கவனக்குறைவு வகை வகுப்பைக் கெடுக்காது, அதனால் நம் பார்வையிலிருந்து தப்பிவிடும். பெண் குழந்தைகளில் இப்படித் தவறவிடப்படுவது அதிகம்.

சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்: “ஆகஸ்ட் 14 சாயந்திரம் கொடிக்கம்பத்தைச் சுத்தி ஒன்றேகால் மணி நேரம் தலை நிமிராம சிக்குக் கோலம் போட்டாளே, அப்ப மட்டும் கவனம் எங்கிருந்து வந்துச்சு?” நியாயமான கேள்வி. கவனமே இல்லாத நிலை என்று நாம் நினைப்பதால் வரும் குழப்பம் இது. உண்மையில் கவனத்தை வேண்டிய இடத்தில் செலுத்தி, அங்கேயே நிறுத்தி, வேண்டும்போது திருப்புவதுதான் இவர்களுக்குக் கடினம். பிடித்த வேலை தானாகவே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வகுத்தல் கணக்கு அப்படி இழுக்காது.

வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநரிடம் பேசினேன். “நீங்க பெயர் வைக்காதீங்க டீச்சர், நடந்ததை மட்டும் தேதி போட்டு எழுதுங்க” என்றார். இது எழுதிப் பார்த்தால்தான் புரிகிறது. ‘சோம்பல்’ என்று எழுத வந்த கை, ‘10.20: பக்கம் 42ஐத் திறக்கச் சொன்னேன். 10.26: பக்கத்துப் பெண் தொட்டுக் காட்டியபின் திறந்தாள்’ என்று எழுதப் பழக ஒரு வாரமானது. முழுதாக முடித்த வேலைகளையும் எழுதினேன். காலை முதல் பாடவேளையில் பரவாயில்லை, மதியத்துக்குப் பின் மோசம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

எங்கோ பார்த்தபடி இருக்கும் குழந்தையிடம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோளைத் தொட்டால் திரும்பினால் அது பெரும்பாலும் பகற்கனவு. தொட்டும் அசைவின்றிச் சில நொடிகள் வெறித்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல் விட்ட இடத்தில் தொடர்ந்தால், அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். அதைத் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பிறகு அவளுடைய அம்மாவை வரச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை வரவேண்டியவர் வியாழக்கிழமை வந்தார். நோட்டைக் காட்டியதும் சிரித்துவிட்டார். “நானும் சின்னப் புள்ளையில இப்படித்தான் டீச்சர். இப்பவும் அடுப்புல பாலை வெச்சுட்டு மறந்துருவேன். தையல் கம்பெனி நாலு மாறிட்டேன், எங்கயும் நேரத்துக்குப் போக முடியல.” கொஞ்ச நேரம் கழித்து, “இவளை நான் அதுக்காகவே அடிச்சிருக்கேன்” என்றார்.

இந்தக் குறைபாடு குடும்பவழி வருவது அதிகம். வளர்ந்தபின் வெளியே தெரியும் ஓட்டம் குறைந்து உள்ளே ஓயாத பரபரப்பாக மாறும். கட்டணம் கட்ட மறப்பது, சாவி தேடுவது, அரைகுறையாக நிற்கும் வேலைகள், அடுத்தவர் பேச்சை முடிக்க விடாதது என்று அது வேறு உருவில் தொடரும். மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 வரையறை (2013) குழந்தைகளுக்கு ஒன்பதில் ஆறு அறிகுறிகளைக் கேட்கிறது. 17 வயதும் அதற்கு மேலும் என்றால் ஐந்து. அவை ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே சில தெரிந்திருக்க வேண்டும், வீடு பள்ளி என இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். ஆகவே நாற்பது வயதில் புதிதாக வந்த மறதிக்கு இந்தப் பெயரைச் சூட்ட முடியாது. தூக்கக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு என்று காரணம் வேறாக இருக்கலாம். (ஆசிரியர் அறையில் இதைச் சொன்னதும் பாதிப் பேர் “அப்ப எனக்கும் இருக்கு” என்றார்கள்.) அந்த அம்மாவுக்கு நான் எந்தப் பெயரும் வைக்கவில்லை. மருத்துவமனை செல்லும் நாளைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, அன்று காலை ஆறு மணிக்கு ஒரு முறை அழைத்தேன். போய்விட்டார்கள்.

இதைக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. முதலில் கண், காது, இரத்தசோகை பார்த்தார்கள். பிறகு வீட்டில் கேட்டதையும் என் நோட்டையும் சேர்த்து வைத்து, இரண்டு மாதம் கழித்துத்தான் உறுதி செய்தார்கள். மருந்து வேண்டுமா என்பது மருத்துவரும் பெற்றோரும் பேசி முடிவெடுப்பது. அதில் நாம் தலையிடக்கூடாது, பயமுறுத்தவும் கூடாது.

வகுப்பில் முதலில் செய்தது பலிக்கவில்லை. முன்வரிசைக்கு மாற்றினேன், அங்கேயும் கனவுதான். பத்துக் கணக்கை மூன்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்து, மூன்று முடிந்ததும் என் மேசைக்கு வரச் சொன்னது உதவியது. ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. வீட்டுப்பாடத்தை எழுதிவிட்டாளா என்று பார்க்கப் பக்கத்துப் பெண். அந்தப் பையனுக்கு நோட்டுகளை விநியோகிக்கும் வேலை. ஜனவரியில் ஒருநாள் ஆறு கணக்கு முடித்துவிட்டு வந்தவள், “நான் மக்குன்னு நெனச்சேன் டீச்சர்” என்றாள். பென்சிலை இன்னமும் மறக்கிறாள். என் மேசையில் மூன்று வைத்திருக்கிறேன்.

இந்த ஆண்டு வகுப்பில் ஐந்து பேரைத் தேதி போட்டு எழுதிவருகிறேன். ஒருத்திக்குக் கண்ணாடி போட்டதும் சரியாகிவிட்டது. இன்னொருவன் இரவு பன்னிரண்டு வரை அப்பாவின் டிபன் கடையில் நிற்கிறான். அது வேறு கதை, அவன் அப்பாவிடம் பேச வேண்டும். மீதி மூன்று பேரில் இருவர் பெண்கள்.