எலி போதாதா? பன்றி எதற்கு?

பைக் ஸ்டார்ட் ஆகவில்லை. டேங்கில் பெட்ரோல் இல்லாமல் இருக்கலாம். பிளக் கருகிப் போயும் இருக்கலாம். வெளியே தெரிவது ஒன்றுதான், உள்ளே கோளாறு வேறு வேறு. நோய்களும் இப்படித்தான், நண்பர்களே!

அமெரிக்காவின் டெக்சாஸில் 1971-ல் பிறந்தவன் டேவிட் வெட்டர். பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லை. சாதாரணக் கிருமிகூட அவனுக்கு எமன். ஆகவே கிருமி நீக்கிய பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ளேயே வளர்ந்தான். 1983-ல் அக்காவின் எலும்பு மஜ்ஜையை ஏற்றினார்கள். அதில் ஒளிந்திருந்த வைரஸ் புற்றுநோயை உண்டாக்க, 1984-ல் 12 வயதில் இறந்தான்.

காரணம் 1993-ல்தான் தெரிந்தது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள 'ஐ.எல்.2.ஆர்.ஜி.' என்ற ஜீனில் பழுது. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று, ஸ்பேர் கிடையாது! அந்த ஜீன் கெட்டால் டி செல்லும் என்.கே. செல்லும் உருவாவதில்லை. பி செல் இருக்கும், ஆனால் சரியாக வேலை செய்யாது.

சிகிச்சையை நேரே குழந்தையிடம் சோதிக்க முடியுமா? அதே கோளாறுள்ள விலங்கு வேண்டும். 1983-ல் பிலடெல்பியாவில் மெல்வின் போஸ்மா குழுவினர் எதிர்ப்புச் சக்தியற்ற எலிகளைத் தற்செயலாகக் கண்டார்கள். ஆனால் அவற்றில் பழுது வேறொரு ஜீனில். பெட்ரோலுக்குப் பதில் பிளக்!

சரி, எலியில் அதே ஜீனை முடக்கினால்? 1995-ல் அதையும் செய்தார்கள். எலிக்கோ பி செல்லும் வெகுவாகக் குறைந்துபோனது. எலியின் பி செல் வளர 'ஐ.எல்.7' என்ற சிக்னல் கட்டாயம் தேவை, மனிதனுக்கு அப்படியில்லை.

இங்கேதான் பன்றி வருகிறது. 2012-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் அந்த ஜீனை முடக்கி, குளோனிங் முறையில் பன்றிகளை உருவாக்கினார்கள். 2013-ல் 'ஜிங்க் ஃபிங்கர்' என்ற ஜீன் கத்தரியால் இதே வேலை நடந்தது. டி செல், என்.கே. செல் இல்லை, பி செல் உண்டு. அப்படியே மனிதக் குழந்தையின் நிலை! இன்று 'கிரிஸ்பர்' என்ற புதிய கத்தரி இவ்வேலையை இன்னும் சுலபமாக்கிவிட்டது. அதற்கு 2020-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

இதனால் என்ன லாபம் என்கிறீர்களா? 1999-ல் பாரிசில் தொடங்கிய ஜீன் சிகிச்சையில் பல குழந்தைகள் தேறினார்கள். சிலருக்கோ ரத்தப் புற்றுநோய் வந்தது. இத்தகைய ஆபத்தைக் குழந்தைக்கு முன்பே விலங்கில் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு பாடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தப் பன்றிகளைச் சாதாரணக் கொட்டிலில் விட்டால் தொற்று வந்து செத்துவிடும். டேவிட்டைப் போலவே கிருமியில்லாத அறைக்குள் வாழ்கின்றன. நமக்காக நோயைச் சுமக்கும் உயிர்கள் அவை. தேவைக்கு மேல் ஒன்றைக்கூடச் சோதனைக்கு எடுக்காமலிருப்பதும் விஞ்ஞானத்தின் கடமைதான்.